ஒரு ஷூ இங்கே, ஒரு ஷூ அங்கே

1

மலை என்று ஒன்று கண்ணில் பட்டால் செருப்பைக் கழற்றிவிடுகிற ஊரில் பிறந்தவள் நான். மலைக்கோட்டை ஏறப் போகிறவர்கள் செருப்பைக் கீழேயே விட்டுவிடுவோம். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் வெறுங்கால்தான். சித்திரை வெயிலில் அந்த உச்சிப் பாறையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், பக்தியில் பாதி ஓட்டம்தான் என்று. இப்போது நான் இருக்கிற இடத்தில் மலைக்கென்றே தனி ஷூ, தனி சாக்ஸ், தனி பேன்ட், இரண்டு கைக்கும் இரண்டு தடி. இவ்வளவு மாட்டிக்கொண்டு மேலே போய் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இங்கே யாராவது இதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் படித்துவிட்டு நாளைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

இன்று ஆடிப்பெருக்கு. போன வருஷம் இதே ஆடிப்பெருக்கன்று என் அக்காவைத் தேடி ஒரு தீயணைப்புப் படையும் ஒரு ஹெலிகாப்டரும் கிளம்பின. திருவானைக்காவலில் அவளைப் பார்த்துக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அவ இட்டுக்கட்டுறா" என்பாள். நம்பாதீர்கள்.

2

முதலில் ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஊர்ச்சபை கூடும். ரோடு போடலாமா, பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றலாமா, எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்களே வந்து உட்கார்ந்து கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் வரலாம், ஆனால் ஓரமாகப் போட்ட விருந்தாளி நாற்காலியில்தான் உட்கார வேண்டும். கை தூக்கக் கூடாது. இங்குள்ள முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எனக்கு. இந்த ஊரில் பாதிப் பேரின் அம்மா அப்பாவுக்கு சூப் ஊற்றியவள். இருந்தும் விருந்தாளி.

ஒரு வருஷம் எங்கள் வீட்டெதிரே இருந்த பஸ் நிறுத்தத்தை எடுத்துவிடலாமா என்று ஓட்டெடுப்பு. அந்த நிறுத்தத்தில் தினமும் ஏறுகிறவள் நான் ஒருத்திதான். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். நிறுத்தம் போயே போய்விட்டது. பனியில் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கும்போது பிடித்தது வீம்பு. இந்த ஊரில் நானும் ஒரு தடவையாவது கை தூக்காமல் விடுவதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த வீம்பு கிடையாது. "எனக்கு நம்ம பாஸ்போர்ட்டே போதும். உனக்கு வேணும்னா எழுதிப் போடு" என்றார். எங்கள் மகள் கயலுக்குப் பிரச்சினையே இல்லை. இங்கேயே பிறந்தவள், பதினெட்டு ஆனதும் தானே விண்ணப்பித்து வாங்கிவிட்டாள். ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், கழுத்தில் கத்தி வைத்தால்.

எழுதிப் போட்டேன். பிறப்புச் சான்றிதழ், அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்பதற்கு இன்னொரு முத்திரை. கடைசியில் நேர்காணல். நடத்தியவர் உர்ஸ், ஊர்த் தலைவர். இறைச்சிக்கடை அவருடையதுதான், தீயணைப்புப் படைக் கேப்டனும் அவர்தான். சின்ன ஊரில் அப்படித்தான், ஒரே தலைக்கு நாலு தொப்பி. இவர்கள் பாஷையிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நான் பதற்றத்தில் தலைவரை நீ என்றும், அவர் காலடியில் படுத்திருந்த நாயை நீங்கள் என்றும் கூப்பிட்டுவிட்டேன். நாய் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கோடையில என்ன செய்வீங்க?" என்று கேட்டார் உர்ஸ்.

"தூங்குவேன்" என்றேன்.

திருச்சிக்காரியிடம் கோடையைப் பற்றிக் கேட்டால் வேறென்ன வரும்? எங்கள் ஊரில் கோடை என்றால் ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனுக்குக் கீழே மல்லாந்து கிடப்பது. வெளியே போனால், "இந்த வெயில்ல எங்கடி சுத்தப் போற" என்று திட்டு விழும். இவர்களோ வெயில் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே ஓடுகிறார்கள். புல் வெட்டுவதற்குப் போட்டி, பாறாங்கல் எறிவதற்குப் போட்டி, மாட்டுக்குப் பூ வைத்து ஊர்வலம், ஐஸ் கட்டி உருகிய ஏரியில் குளியல். உர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கோடை விழா எதுலயும் உங்களைப் பார்த்ததே இல்லையே. கோடை முடியறப்போ சபையில ஓட்டு. அதுக்குள்ள கொஞ்சம் ஊருக்கு முகம் காட்டுங்க" என்றார்.

அன்றே அக்காவுக்கு போன் போட்டேன். சாரதா அக்கா அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவள்; அவள் 'ம்' கொட்டினாலே கோப்பில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது கிடைச்சா நம்ம பாஸ்போர்ட் என்னடி ஆகும்?" என்றாள்.

"திருப்பிக் குடுத்துடணும்க்கா. ரெண்டும் வெச்சுக்க நம்ம கவர்மெண்ட் விடாது."

'ம்' கூட வரவில்லை. மறுவாரம், டிக்கெட் போட்டுவிட்டேன், அத்தானுக்கு மெஸ்ஸில் சாப்பாடு சொல்லியாச்சு, மூன்று மாசம் இருப்பேன் என்று தகவல் வந்தது. பாஸ்போர்ட் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

3

அந்தக் கோடையில் நானும் அக்காவும் போகாத விழா இல்லை. பேண்டு வாத்தியக் கச்சேரியில் முன் வரிசை. புல் வெட்டும் போட்டியில் அரிவாளைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு அக்கா, "இவன் நம்ம ஊர்ல கருதறுக்க வந்தா கூலி குடுக்க மாட்டாங்க" என்றாள். கல் எறிகிற விழாவில் மலை மலையாக ஆண்கள் ஒரு பாறாங்கல்லைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தார்கள். "எறிஞ்ச கல்லை யார் திரும்ப எடுத்து வெப்பா?" என்று கேட்டாள். அவனேதான் என்றேன். "அப்ப சரி, வீட்டுல வேலை இல்லாதவன்."

நடைபாதையில் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும், அதுதான் இங்கே மரியாதை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெப்பக்குளம் வரைக்கும் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டு போனால் வாய் கோணிப் போகும். அக்கா அதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்று தமிழிலேயே விட்டாள். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். இருபது வருஷமாக இலக்கணம் பார்த்துப் பேசின எனக்கு அந்த அளவுக்குத் தலையாட்டல் கிடைத்ததில்லை. வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஏரியில் இறங்கினது நான் மட்டும். ஊரே கரையில் நிற்கிறது, முகம் காட்ட வேண்டுமே. இடுப்பு வரைக்கும் போனதும் உயிர் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ரங்கா!" என்று கத்தினேன். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரோஸ்மரி, யாரையோ கூப்பிடுகிறேன் என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கயல் கரையில் தன் கூட்டாளிகளோடு நின்று, என்னைத் தெரியாதவள் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

கோடை விழாக்களிலேயே பெரியது குன்றுத் திருவிழா. ஆற்றங்கரைப் பாலத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் குன்றின் தலையில் ஒரு சின்னத் தேவாலயம். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே ஏறி, பூசை பார்த்து, பேண்டு வாத்தியம் கேட்டு, கொண்டு போனதைப் பகிர்ந்து சாப்பிடும். போன வருஷம் அந்த ஞாயிறும் ஆடி பதினெட்டும் ஒன்றாக வந்தன. அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? ஆடிப்பெருக்கு, ஆறு, சித்திரான்னம், மலை மேலே கோயில், எல்லாம் கூடி வந்தது. விடியற்காலை எழுந்து புளியோதரை கிளறிவிட்டாள்.

ஆற்றங்கரைக்கு வந்ததும், "நீ தூக்கை எடுத்துக்கிட்டு முன்னால நட. நான் இவளுக்கு ரெண்டு பூ போட்டுட்டு வரேன்" என்றாள். இவள் என்றது ஆற்றை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் முண்டியடித்துக்கொண்டு காவிரிக்குப் பூவும் காதோலை கருகமணியும் விட்ட பழக்கம். காவிரியில் தண்ணீர் வராத வருஷத்தில் கரையில் வைத்த குழாயடியில் நின்றே கும்பிட்ட ஜனம் நாங்கள். இப்படிப் புரண்டோடுகிற ஆற்றைச் சும்மா விட மனசு வருமா? முந்தின நாளே ரோஸ்மரியிடம் கேட்டு அவள் தோட்டத்துப் பூவெல்லாம் பறித்து வைத்திருந்தாள். நான் நடந்தேன்.

பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறி வருகிறாள்.

"அக்கா, ஷூ எங்க?"

"கீழ விட்டுட்டேன். மேல கோயில் இருக்குன்னியே."

"இங்கல்லாம் போட்டுக்கிட்டே உள்ள போலாம்க்கா!"

"அவங்க போகட்டும். நான் எந்த மலைக்குடி செருப்போட ஏறியிருக்கேன்?"

புல்வெளிப் பாதைதான், ஏறிவிடுவாள். ஆனாலும் அது நான் வாங்கிக் கொடுத்த புது ஷூ. "பத்திரமா வெச்சியா?" என்றேன்.

"என்னை என்னன்னு நெனச்ச? ஜோடியா விடுவேனா? ஒண்ணு பெஞ்சுக்கு அடியில, ஒண்ணு ஆத்தோரம் பாறை மேல. ஒத்தை ஷூவை எவன் எடுத்துக்கிட்டுப் போவான்?"

கல்யாண மண்டபத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் செருப்புத் திருடனுக்கு நம்மவர்கள் கண்டுபிடித்த ஒரே வைத்தியம் அதுதானே. நானும் சிரித்துவிட்டு ஏறினேன்.

பூசை முடிந்து பேண்டு வாத்தியம் ஆரம்பித்திருந்தது. அப்போது கீழே ஊரில் அபாயச் சங்கு ஊதியது. உர்ஸின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மாறிப் போய், கையைக் காட்டி வாத்தியத்தை நிறுத்தினார். பாலத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஆற்றில் விழுந்துவிட்டாள் போலிருக்கிறது என்றார். பாறை மேலே ஒரே ஒரு ஷூ கிடக்கிறது. தண்ணீரில் பூ மிதக்கிறது. கல்லில் ரத்தம்.

ரத்தம் இல்லை. குங்குமம்.

சொல்லி முடிப்பதற்குள் டிரம்காரரும், டுபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிற டுபாக்காரரும் வாத்தியத்தைப் புல்லில் போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். அவர்கள்தான் தீயணைப்புப் படை. ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது என்றார் ஒருவர். பாதிரியார் எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னார். அக்கா என் முந்தானையைப் பிடித்து, "என்னடி ஆச்சு? யாருக்கு என்ன?" என்றாள். பொம்பளை ஒருத்தி ஆற்றோடு போய்விட்டாளாம் என்று எப்படியோ சொன்னேன். "ஐயோ, யார் பெத்த பொண்ணோ! ரங்கநாதா, காப்பாத்துப்பா" என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சபை கூட மூன்றே வாரம். கை தூக்கப் போகிற அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் அந்த ஆற்றில் ஆட்கள் இறங்கிவிட்டால்? வாயைத் திறந்தேன். "நிறுத்துங்க! யாரும் விழலை! அது என் அக்காவோட ஷூ!" என்று கத்தினேன்.

எல்லோரும் அக்காவின் காலைப் பார்த்தார்கள். அக்காவும் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

உர்ஸ் போனில் அவசர அவசரமாக என்னவோ சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "ஏன் ஒண்ணு மட்டும் பாறை மேல?"

"இன்னொண்ணு பெஞ்சுக்கு அடியில இருக்கு."

"ஏன்?"

"சேர்த்து வெச்சா யாராவது திருடிடுவாங்கன்னு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வீட்டுக் கதவையே பூட்டாத பள்ளத்தாக்கு இது. சாலையோரம் சீஸை வைத்துவிட்டு, காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போ என்று எழுதி வைக்கிற ஜனம். அதுவும் தேவாலய வாசலில், ஊர் மொத்தமும் கூடியிருக்கும்போது, நீங்கள் செருப்புத் திருடுவீர்கள் என்று சொல்லியாகிவிட்டது. ரோஸ்மரி கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டாள். "எங்களைத் திருடங்கன்னு சொல்றியா?" என்றாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் அக்கா. கிளாரினெட்டும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்ற கயல்தான், காது சிவக்க, பெரியம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னாள். அக்கா ரோஸ்மரியை ஏற இறங்கப் பார்த்தாள். ஆபீஸில் கோப்பைத் திருப்பி அனுப்புகிற பார்வை.

"கீழ பாலத்துக்கிட்ட வரிசையா சைக்கிள் நிறுத்தியிருக்காங்களே, எல்லாத்துக்கும் பூட்டு போட்டிருக்கே, அது எந்தத் திருடனுக்குன்னு கேளுடி கயலு."

"பெரியம்மா, வேணாம்."

"கேளு!"

கயல் கேட்டாள். அவர்கள் பாஷையில், அவர்கள் இழுக்கிற இழுப்பிலேயே. பாதி இறங்கித் திரும்பி வந்திருந்த டுபாக்காரர், "என் சைக்கிளுக்கு ரெண்டு பூட்டு" என்றார். உர்ஸ் சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரோஸ்மரி சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, திரும்பிப் போகச் சொன்ன ஹெலிகாப்டர் குன்றுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனது. அக்கா அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

5

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பையன்கள் தினமும் பாலத்தடியில் ஒற்றை ஷூவாகக் கொண்டு வந்து வைத்தார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு ஒற்றை பூட்ஸ். கேலியா, பாசமா, எச்சரிக்கையா? திருச்சியில் என்றால் எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று நாலு வார்த்தை திட்டிவிடுவார், கணக்கு தெரிந்துவிடும். இவர்கள் ஒன்றுமே சொல்லாமல் புன்னகை செய்கிறவர்கள். ரோஸ்மரி மட்டும் அதையும் செய்யவில்லை. வேலியோரம் என்னைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுவாள்.

"எல்லாம் உன்னாலதான். இருபது வருஷமா நான் சேத்து வெச்ச பேரை ஒரு ஷூவுல கவுத்துட்டே" என்று ஒரு நாள் அக்காவிடம் வெடித்துவிட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஒரு ஷூவுல கவுர்ற பேருக்கா இவ்வளவு பாடு?" என்றாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

6

சபை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியது. ரோஸ்மரி இரண்டாம் வரிசையில். விண்ணப்பித்தவள் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர்களும் கை தூக்கக் கூடாது. அதனால் கயலும் அன்றைக்கு விருந்தாளி நாற்காலிதான், அக்காவுக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் அணைக்கட்டு மின் நிலையத்தில் ஷிஃப்டில் இருந்தார். நான் மட்டும் தாழ்வாரத்தில், பிள்ளைகளின் வியர்வைச் சாக்ஸ் நாற்றத்தில் நின்றேன்.

உள்ளே உர்ஸின் குரல். யாரோ கேள்வி கேட்கிறார்கள். மறுபடி உர்ஸ். அப்புறம் திடீரென்று கூடமே கொல்லென்று சிரித்தது. என்னைப் பற்றி ஓட்டெடுக்கும்போது என்ன சிரிப்பு? அங்கிருந்த குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்தது ரோஸ்மரி. கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "வா உள்ள, எங்க ஊர்க்காரி" என்றாள்.

ஊர் மொத்தமும் கை தூக்கியிருந்தது. எதிராக ஒரே ஒரு கை. அது விருந்தாளி நாற்காலியிலிருந்து எழுந்த கை என்பதால் கணக்கில் சேராது என்று உர்ஸ் அறிவித்தாராம், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. கூட்டம் முடிந்து எல்லோரும் ஒயினும் சீஸும் எடுக்கப் போனார்கள். நான் கயலைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியம்மாவுக்கு ஒழுங்கா சொல்லக் கூடாதாடி? எதுக்குக் கை தூக்கறோம்னு தெரியாம தூக்கியிருக்கா பாரு."

"நான் கரெக்டாதான்மா சொன்னேன்" என்றாள் கயல். "யாருக்கெல்லாம் வேணும்னு கேட்டாங்க, அப்ப சும்மா இருந்தாங்க. யாருக்கெல்லாம் வேணாம்னு கேட்டாங்க, அப்ப தூக்கினாங்க."

அக்கா ஒயினை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஆரஞ்சு ஜூஸை ஒரு மடக்கு குடித்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் சூப்பிரண்டு குரல்.

"தெரிஞ்சுதான்டி தூக்கினேன். ஊரே கூடி உன்னை எடுத்துக்கறோம்னு கை தூக்குது. இவளைக் குடுக்க மாட்டோம்னு சொல்றதுக்கு உனக்குன்னு ஒருத்தி இருக்க வேணாமா?"